கடைசி ஆள் உள்ளே போகும்வரை

மலையுச்சியெல்லாம் பனி மூடிக் கிடந்த முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அப்பால் ஒரு கோட்டை ஊர். அதன் காவற்காரன் கார்மேகம். ஓநாய் வந்தால் முரசடித்து ஊரை எச்சரிப்பது அவன் வேலை. ஒருநாள் ஓநாய்க் கூட்டம் வந்ததா, அந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? முரசைப் போட்டுவிட்டு, முதல் ஆளாய் உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டான்! வெளியே ஆடு மேய்த்த அவன் அம்மா செத்தாள். கூட நின்ற ஊர் மந்திரவாதியின் மகளும் செத்தாள்.

"முதல்ல ஓடி ஒளிஞ்சவனே, வளைக்குள்ளேயே கிட!" என்று மந்திரவாதி சாம்பலை ஊதினான். மண்ணைத் தோண்டி வாழும் கொழுத்த தரையணிலாகி, கார்மேகம் புல்மேட்டுக்கு ஓடிப்போனான்.

அவன் அக்கா மருதாயி மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"எனக்கும் அவன்மேல ஆத்திரம்தான், ஐயா. ஆனா அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"ஆபத்து வர்றப்ப மத்த அணிலெல்லாம் வளைக்குள்ளே போறவரைக்கும் அவன் வெளியே நிக்கட்டும், மனுஷனாவான். பனி விழறதுக்குள்ள நடக்கணும். பனி விழுந்தா அதுங்க வாசலை மண்ணால அடைச்சிட்டு ஆறு மாசம் தூங்கும். தூங்கி எழுந்தா உன்னையே அவனுக்குத் தெரியாது."

மருதாயி தம்பியைத் தேடிப் புல்மேட்டுக்குப் போனாள். முதல் நாள் கிட்டே போனாள். பாறைமேல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்ற கிழட்டு அணில் "கீய்ய்ய்!" என்று சீழ்க்கையடித்தது, மேடே காலி! இரண்டாம் நாள் வளை வாசலில் புகை போட்டாள். எல்லாம் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டின. மூன்றாம் நாள் சும்மா உட்கார்ந்தாள். கோடை முழுக்க அப்படியே உட்கார்ந்தாள். அணில்கள் அவளைச் சுற்றியே மேய ஆரம்பித்தன. அப்போதுதான் கவனித்தாள்: ஒன்று மட்டும் சீழ்க்கை கேட்குமுன்பே வளைக்குள் பாய்கிறது.

"அட பாவி! இங்கேயும் நீ மாறலையாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

புல் காய்ந்தது. கிழட்டு அணிலை நரி கொண்டுபோயிற்று. பாறைமேல் காவலுக்கு யாரும் இல்லை. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் கார்மேகம் நடுங்கிக்கொண்டே பாறைமேல் ஏறினான்.

அன்றைக்கே கழுகு வந்தது. "கீய்ய்ய்!" பெரியவை ஓடின, சின்னவை ஓடின. ஒரு குட்டி மட்டும் வாசல் தெரியாமல் தடுமாறியது. கார்மேகம் கத்திக்கொண்டே நின்றான். கழுகு முதுகைக் கவ்வியும் கத்தினான். குட்டி உள்ளே போன நொடியில், கழுகின் பிடியிலிருந்து ஒரு மனிதன் விழுந்தான்.

அக்கா ஓடிவந்து மடியில் கிடத்தினாள்.

"எல்லாரும் உள்ளே போயாச்சாக்கா?"

"போயாச்சுடா." சொன்னவள் ஓவென்று அழுதாள். "அன்னைக்கு அம்மாவுக்கு இப்படி ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதாடா?"



காயம் ஆறியது. ஊரும் மனமிரங்கி முரசைத் திருப்பிக் கொடுத்தது. தினமும் அந்தியில் கடைசி ஆடு வந்து, கடைசி ஆளும் வந்த பிறகே கார்மேகம் கதவைச் சாத்துவான். சாத்துமுன் ஒருதடவை வெளியே எட்டிப் பார்ப்பான். அன்றைக்கு வெளியே நின்ற இரண்டு பேர் இன்னும் வரவேண்டுமே!