நீர்நாய் வெட்டச் சொன்ன வாய்க்கால்

மேகங்கள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் உயரத்தில் ஒரு மலைக்காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டு ஓடையின் மடு ஒன்றில் துள்ளி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. நல்ல தாய்தான், கெட்டிக்காரிதான். ஆனால் பொறுமை மட்டும் அதனிடம் மருந்துக்கும் கிடையாது!

ஒரு நாள் மலை உச்சியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. துள்ளி குட்டிகளைக் கரையில் உட்கார வைத்து, "பாருங்கடா, இப்போ பெரிய வெள்ளம் வரும். ஆளுக்கு ஒரு மீன்!" என்று ஆசை காட்டியது.

மூன்றும் காத்திருந்தன. ஓடை ஒரு விரற்கடை உயர்ந்தது, அவ்வளவுதான். குட்டிகள் தாயின் முகத்தையே பார்த்தன. துள்ளிக்கு மானமே போய்விட்டது.

"அவ்வளவு மழையும் எங்கே போச்சு?" என்று கத்தியது.

பாறை இடுக்கில் குடியிருந்த நண்டு கிடுக்கி எட்டிப் பார்த்தது. எதற்கெடுத்தாலும் முனகுவது அதன் வழக்கம். "மேலே புல்வெளி இருக்கில்லே, அது குடிச்சிருக்கும். நமக்கு எங்கே மிச்சம் வைக்கும்?" என்றது.

துள்ளி விடுவிடென்று மேலே ஏறியது. சரிவு முழுக்க அடர்ந்த புல்வெளி. கால் வைத்த இடமெல்லாம் பொதக்கென்று புதைந்தது. காலை எடுத்ததும் அந்தக் குழியில் தண்ணீர் ஊறியது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா! என் தண்ணியை எல்லாம் இங்கே பதுக்கி வச்சிருக்கே!" என்று துள்ளி புல்வெளியைத் திட்டியது.

அங்கே மொந்தையன் என்ற காட்டுப்பன்றி மேய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டையும் சுகத்தையும் தவிர அதற்கு வேறு நினைப்பே கிடையாது.

"மொந்தையண்ணே, இந்தப் புல்வெளிக்கு நடுவே, உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் நேரா ஒரு வாய்க்கால் தோண்டுங்களேன். வழி பூரா கிழங்கு இருக்கு."

"கிழங்கா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று மொந்தையன் மூக்கை மண்ணில் நுழைத்தது. கிழங்கைத் தின்றுகொண்டே ஓடைவரை ஆழமாகக் கிளறிவிட்டது.

அடுத்த மழை வந்தது. அடேயப்பா! தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தடதடவென்று இறங்கியது. ஓடை செக்கச்செவேலென்று பொங்கியது. மீன்கள் தாமாகவே கரையில் வந்து விழுந்தன.

"அம்மான்னா சும்மாவா!" என்று துள்ளி குதித்துக் குதித்து ஆடியது. குட்டிகள் வயிறு முட்டத் தின்றன. பொழுது சாய்வதற்குள் வெள்ளமும் வடிந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு மழை நின்றது. மற்ற வருடங்களில் மழை நின்ற பிறகும் ஓடை ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்தத் தடவையோ நூலாக இளைத்தது. மடு நாளுக்கு நாள் சுருங்கியது. குட்டிகள் நீந்தினால் முதுகு வெளியே தெரிந்தது. பெரிய ஆறு வெகு கீழே இருந்தது. வெயிலில் சுடும் பாறைகள்மேல் அவ்வளவு தூரம் நடக்கக் குட்டிகளின் கால்களுக்குத் தெம்பு இல்லை. வானத்திலோ கழுகு வட்டமிட்டது.

 துள்ளி மறுபடியும் மேலே ஓடியது. கால் புதைந்த அதே புல்வெளி இப்போது கட்டாந்தரையாகக் கிடந்தது.

"ஐயோ! இது பதுக்கி வைக்கலையே. எனக்காகத்தான் சேத்து வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கீழே அனுப்பியிருக்கு. நான்தான் மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டிக் கவுத்துட்டேன். என் பிள்ளைங்களுக்கு நானே எமனாயிட்டேனே!" என்று விம்மி விம்மி அழுதது.

அழுது முடித்ததும் மொந்தையனிடம் போனது. "அண்ணே, அந்த வாய்க்காலை அடைக்கணும்."

"அடைச்சா கிழங்கு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்போ வேற ஆளைப் பாரு."

பழைய துள்ளியாக இருந்தால் பன்றியோடு சண்டைக்குப் போயிருக்கும். இப்போது ஒரு புதரடியில் உட்கார்ந்து, மொந்தையன் என்னதான் செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. மொந்தையன் காய்ந்த மரத்தில் முதுகைத் தேய்த்தது. ஈக்கள் மொய்த்தன. "சீச்சீ, சேத்துல புரண்டு எத்தனை நாளாச்சு! உடம்பெல்லாம் எரியுதே" என்று அலுத்துக்கொண்டது.

துள்ளியின் மீசை துடித்தது.

"அண்ணே, அந்த வாய்க்கால்ல அங்கங்கே மண்ணையும் கட்டையையும் தள்ளிக் கரை போட்டா, மழை பெஞ்சதும் ஒவ்வொரு கரைக்குப் பின்னாலும் ஒரு சேத்துக்குட்டை! காலையில ஒண்ணுல புரளுங்க, மத்தியானம் வேறொண்ணு."

மொந்தையனின் காதுகள் நிமிர்ந்தன. "என் மச்சானையும் அவன் பிள்ளை குட்டிகளையும் கூப்பிடலாமா?"

"தாராளமா!"

பன்றிக் கூட்டமே வந்து இறங்கியது. முட்டித் தள்ளி, உருட்டி, மிதித்து, மழை வருவதற்குள் வாய்க்கால் நெடுகக் கரை போட்டுவிட்டன. கோடை மழையும் ஒன்று வந்தது. குட்டைகள் நிரம்பின. பன்றிகள் சேற்றில் புரண்ட கும்மாளத்தில் மலையே அதிர்ந்தது. தண்ணீர் கீழே ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கியது.

கீழே மடுவில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு உன் யோசனை! உள்ளதையும் பன்றிக்குக் கொடுத்துட்டே" என்று கிடுக்கி முனகியது.

"இரு அக்கா, பொறு" என்றது துள்ளி. அந்தச் சொல் அதன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நண்டு இடுக்கைவிட்டே வெளியே வந்து அதை உற்றுப் பார்த்தது.

சில நாட்கள் கழித்து ஒரு குட்டி ஓடிவந்தது. "அம்மா, அம்மா! நம்ம மடுக்கரைக்கு வேர்த்துக் கொட்டுது!"

துள்ளி போய்ப் பார்த்தது. புல்வேர்களுக்கு அடியில், பாசி படிந்த மண்ணிலிருந்து, பளிங்குபோல் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கசிவு. அதற்கப்பால் இன்னொன்று. துள்ளி நாக்கை நீட்டி ஒரு சொட்டை ஏந்தியது. சந்தோஷத்தில் குட்டியை வாரி அணைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு மழை பெய்யவே இல்லை. ஆனாலும் மடு மெல்ல மெல்ல நிறைந்தது. கோடை முடியும்வரை குட்டிகள் அதில் முங்கி முங்கி விளையாடின.

நீதி: உடனே கைக்கு வராததெல்லாம் பறிபோனதாகாது, நமக்காகச் சேர்ந்துகொண்டிருப்பதை அவசரப்பட்டுக் கலைத்துவிடக் கூடாது.