ஸ்கேன் செய்தபின் கேள்வி கேட்க வேண்டாம்

கதைகளில் குரு தாடி வைத்த கிழவராகவும் சீடன் மீசை முளைக்காத பையனாகவும் இருப்பதுதான் வழக்கம். இந்தக் கதையில் அந்த வசதி இல்லை. சீடர் சங்கரபாண்டியனுக்குத் தலை முழுக்க நரை. தொலைபேசித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு நாச்சியார் அம்மாவோ அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரர்.

அம்மாவின் ஆசிரமம் தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஆசிரமம் என்றதும் மான், மயில் எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சமையலறை, பத்துப் பேர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள ஒரு அறை, மிச்ச இடமெல்லாம் நூலகம். ஊர்க்காரர் யாரும் வரலாம், எடுத்துப் போகலாம். காசு கிடையாது.

மனைவி சொர்ணம் இறந்துபோன பிறகு சங்கரபாண்டியன் அங்கே வந்து சேர்ந்தார். நூலகத்து மேஜையை அம்மா அவரிடம் ஒப்படைத்தார்.

அவருக்குள் ஒரு கேள்வி இருந்தது. சொர்ணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் நல்ல சொல் இல்லை. அதைப் பற்றி அம்மாவிடம் கேட்க வேண்டும். வந்த நாளிலிருந்து கேட்க நினைத்தார், வாய் வரவில்லை. இப்போது அம்மா மறுநாள் விடிகாலை பஸ்ஸில் வடக்கே ஒரு கிளை ஆசிரமத்துக்குப் போகிறார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. இன்று கேட்காவிட்டால் இனிமேல் கேட்கப் போவதில்லை என்று சங்கரபாண்டியனுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் ஜனங்கள் விட்டால்தானே!

அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவர் ஒரு வேலை செய்திருந்தார். நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பொருள்வாரியாகத் தட்டச்சு செய்து, வாசல் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கியூஆர் கோடு வைத்தார். போனைக் காட்டினால் போதும். எந்த பீரோ, எந்தத் தட்டு, யாராவது இரவல் கொண்டுபோயிருக்கிறார்களா, உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாம் போனிலேயே வந்துவிடும். மேஜைக்கு வந்து யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் இருந்தால் அவருக்கும் நிம்மதி.

அங்கேதான் கணக்கு தப்பியது. அந்த ஊரில் இந்த மாதிரிக் கட்டத்தைப் பார்த்தால் கை தானாகப் பணம் அனுப்பும் ஆப்பைத்தான் திறக்கும். டீக்கடையிலும் பூக்கடையிலும் பழகிய கை. முதல் நாள் வந்த இரும்புக்கடை மாசிலாமணி சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இங்கயும் வசூல் ஆரம்பிச்சாச்சா? எவ்வளவு போடணும்?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

சங்கரபாண்டியன் ஒரு போர்டு எழுதி மாட்டினார். "இது பணம் கட்டுவதற்கு அல்ல. கேமராவைத் திறந்து ஸ்கேன் செய்யவும்." அப்புறம் ஸ்கேன் செய்தவர்களும் மேஜைக்கு வந்து கேட்பது ஓயவில்லை. அடியில் இன்னொரு வரி சேர்த்தார். "ஸ்கேன் செய்தபின் கேள்வி கேட்க வேண்டாம்."

அந்தக் கடைசி நாளும் வழக்கம்போலத்தான் விடிந்தது. அம்மா உள்ளே சாமான் கட்டாமல், பீரோக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று சங்கரபாண்டியன் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் ஆள் வந்துவிட்டது.

முதலில் வந்தவர் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். போனை நீட்டினார்.

"சார், ஸ்கேன் பண்ணேன். அஞ்சாம் பீரோ, மேல் தட்டுன்னு வருது."

"ஆமா."

"புத்தகம் இருக்குன்னும் போட்டிருக்கு."

"ஆமா சார்."

"இருக்கா?"

சங்கரபாண்டியனுக்குச் சுள்ளென்று ஏறியது. "இருக்குன்னு போட்டிருந்தா இருக்கும் சார். நானும் அதைப் பாத்துத்தான் சொல்லணும்."

"இல்ல, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா திருப்தி" என்று சொல்லிவிட்டு வாத்தியார் அஞ்சாம் பீரோவுக்குப் போனார். புத்தகம் இருந்தது.

அடுத்து ஒரு கல்லூரி மாணவி. "அங்கிள், ஆறாம் பீரோன்னா எது?" பீரோவின் நெற்றியில் ஆறு என்று முழங்கை நீளத்துக்கு எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் கேட்டாள். கிணற்றுக்குள் நின்றுகொண்டு தண்ணீர் எங்கே என்று கேட்பவர்களை என்ன செய்வது?

மதியம் நெருங்கும்போது ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு ஆஸ்பத்திரிப் பை. சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். போர்டை உதடு அசைய அசைய மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். முதலில் பணம் அனுப்பும் ஆப் திறந்துகொண்டது. மூடிவிட்டுக் கேமராவைத் திறந்தாள். சரியாக ஸ்கேன் செய்தாள். ஒன்பதாம் பீரோவுக்குப் போய், தேடாமல் கொள்ளாமல் பக்கவாதம் பற்றிய புத்தகத்தை எடுத்தாள். சங்கரபாண்டியன் ஓரக்கண்ணால் பார்த்து மகிழ்ந்துபோனார். இந்த ஊரிலும் ஒருத்தி உருப்படியாக இருக்கிறாளே!

அவள் நேரே மேஜைக்கு வந்தாள்.

"ஐயா, எங்கப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டு. பேச்சு நின்னு போச்சு."

"சரிம்மா. புத்தகம்தான் கிடைச்சிட்டுல்ல?"

"கிடைச்சிட்டு ஐயா. பேச்சு திரும்பி வந்துருமா? இதுல அப்படிப் போட்டிருக்கா?"

"உள்ள என்ன இருக்குன்னு போன்லயே வந்திருக்குமே."

"வந்துச்சு ஐயா. வாசிச்சேன்."

"பயிற்சி, பேச்சுப் பயிற்சின்னு எல்லாம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. திரும்பி வந்துரும்லா?"

இவ்வளவு நேரம் அடக்கிவைத்தது எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியது. "ஏம்மா, போர்டை வாசிச்சியா இல்லையா? நானே பாத்தேனே, நின்னு வாசிச்சதை! ஸ்கேன் பண்ணியாச்சு, புத்தகம் கையில இருக்கு, எல்லாம் அதுலயே இருக்கு. அப்புறம் என்ன கேள்வி? நான் என்ன டாக்டரா?"

அவள் புத்தகத்தை மேஜை மேல் மெல்ல வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அட்டை ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி ஒட்ட ஆரம்பித்தது.

சங்கரபாண்டியன் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

"அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கண்ணால பாத்ததை இந்த ஜனங்க ஏன் மறுபடி வாயால கேக்காங்க? நான் மழையெல்லாம் உக்காந்து செஞ்ச வேலை. ஒருத்தர் கேட்டா பொறுத்துக்கிடலாம். ஊரே கேட்டா? இவங்களை எப்படித் திருத்தது?"

"கோடு எல்லாம் சரியா வேலை செய்யுதா ஐயா?"

"ஒண்ணுகூடத் தப்பு கிடையாது."

"நல்ல வேலை. நான் போற இடத்துலயும் இதே மாதிரி வைக்கணும்னு இருக்கேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே அம்மா."

"சாயங்காலம் சொல்லுதேன்" என்று அம்மா பசையைத் தொட்டார்.

குருமார்களுக்கு இது ஒரு பழக்கம். நமக்குத் தலை வெடிக்கும்போது அவர்களுக்குச் சாயங்காலம் வரவேண்டும்.

சாயங்காலம் வந்தது. கடைசி ஆளும் போனான். கதவில் பாதியைச் சாத்திவிட்டு சங்கரபாண்டியன் திரும்பியபோது, அம்மா தன் இரண்டு சேலைகளையும் ஒரு செம்பையும் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கேட்ட கேள்வி அவருக்கு அப்போது மறந்தே போயிருந்தது. சொர்ணத்தைப் பற்றிய கேள்வி மட்டும்தான் மனத்தில் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு விஷயம். ரொம்ப நாளா கேக்கணும்னு."

"சொல்லுங்க."

"சொர்ணத்துக்குக் கடைசி நாள். பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி. மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புதேன். 'எங்க போறீங்க'ன்னு கேட்டா. 'மருந்து வாங்கப் போறேன்'னேன். செருப்பைப் போடுதேன், மறுபடி 'எங்க போறீங்க'ன்னா. மறுபடி சொன்னேன். கதவுகிட்ட போயிட்டேன். மூணாவது தடவையும் அதையே கேட்டா."

அவர் நிறுத்தினார். அம்மா துணிப்பையை ஓரமாக நகர்த்தினார்.

"எனக்கு எரிச்சல் வந்துட்டும்மா. ராத்திரி எல்லாம் தூக்கம் கிடையாது. 'காது என்ன அடைச்சுப் போச்சா? எத்தனை தடவை சொல்லது'ன்னு கத்திட்டுப் போயிட்டேன். கீழ கூட்டம். மருந்தை வாங்கிட்டு வாரேன், அவ இல்ல."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அது ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

"அந்தச் சொல்லோடயேதான் அவ போயிருப்பாளா?"

அம்மா எழுந்தார். பக்கத்தில் வந்து தோளைத் தொடுவார் என்றுதான் சங்கரபாண்டியன் எதிர்பார்த்தார். அம்மா அவரைத் தாண்டி வாசல் சுவருக்குப் போனார். விரலால் பட்டியலைத் தடவிக்கொண்டே வந்து, ஒரு புத்தகத்தின் பெயரில் நிறுத்தினார். மரணம், துயரம் என்று சங்கரபாண்டியன் தன் கையாலேயே பிரித்து வைத்த பகுதி.

"உங்க போன் இருக்கா ஐயா?"

"இருக்கு."

"இதை ஸ்கேன் பண்ணுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் குரு சொல். எழுந்து போய்ப் போனைக் காட்டினார். உடனே வந்தது. மூன்றாம் பீரோ, இரண்டாம் தட்டு. இரவல் போகவில்லை. உள்ளடக்கம்: இறந்தவர்களிடம் பேசாமல் விட்டவை, கடைசிச் சொற்கள், மன்னிப்பு.

"வந்துட்டா?"

"வந்துட்டு."

அம்மா திரும்பிப் போய்ச் செம்பைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"அம்மா?"

பதில் இல்லை.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

அம்மா தலையைத் தூக்காமலே கையை மட்டும் போர்டின் பக்கம் நீட்டினார். கடைசி வரியின் பக்கம்.

சங்கரபாண்டியனுக்கு முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. இத்தனை காலம் அம்மா முன்னால் குரல் உயர்த்தாதவர், அன்று உயர்த்தினார்.

"என்னம்மா இது? நான் என் நெஞ்சை அறுத்து உங்க முன்னால வைக்கேன், நீங்க பீரோ நம்பர் காட்டுதீங்க! இந்தப் புத்தகத்தை நான் வாசிக்கலைன்னு நினைச்சீங்களா? இங்க வந்த முதல் வாரமே வாசிச்சாச்சு. அந்தத் தட்டுல இருக்கது அத்தனையும் வாசிச்சாச்சு. கோடு ஒட்டும்போது மறுபடியும் வாசிச்சேன். அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கேன். உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்னு கேக்கேன். நாளைக்குப் போயிருவீங்களேன்னு கேக்கேன். ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் வந்து கேட்டா, இதுதான் பதிலா?"

போன் வெளிச்சம் அணைந்துபோனது.

அம்மா செம்பைக் கீழே வைத்தார். இப்போது அவர் பக்கத்தில் வந்தார். மேஜை மேல் கிடந்த பக்கவாதப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மத்தியானம் வந்த பிள்ளையும் போர்டை வாசிச்சிட்டுத்தான் உங்ககிட்ட வந்தா."

சங்கரபாண்டியன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே மேஜையோரம் உட்கார்ந்தார்.

அம்மாவும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சொர்ணம்மாவுக்கும் நீங்க மருந்து வாங்கத்தான் போறீங்கன்னு தெரியும், ஐயா."