நாலு போர்ட்டும் நாலு டிரைவரும்

எங்க ஊர் பைபாஸ் ரோட்டுல ‘முக்கனி கார் ஒர்க்ஸ்’னு ஒரு பட்டறை இருக்குதுங்க. மூணு பேர் சேர்ந்து நடத்துறதால அந்தப் பேரு. மா, பலா, வாழைக்கு இருக்கிற விவரம்கூட இவங்களுக்குக் கிடையாது. எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வெச்ச பாவத்துக்கு, எட்டு வருஷமா இவங்க கூத்தையெல்லாம் நான் பார்த்தாக வேண்டியிருக்குது.

மூத்தவர் நாச்சிமுத்து, இஞ்சின் பார்ப்பார். மயில்சாமிக்குக் கரண்டு வேலை. குப்புராஜ் டிங்கரிங். மூணு பேரும் தங்கமானவங்க, அதுதான் பிரச்சினையே. சொன்ன வேலையைச் சொன்ன சொல் மாறாம செஞ்சு முடிச்சிருவாங்க.

யசோதா மேடம் பாலிடெக்னிக் வாத்தியார் வேலையை விட்டுட்டு, ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சு ஒரு கார் தயார் பண்ணியிருந்தாங்க. ரோட்டுக் குழியை எண்ணுற கார். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், நாலு சக்கரத்துக்கும் நாலு கருவி. சக்கரம் குழியில இறங்குனா கருவி கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது எண்ணி வெச்சுக்கும். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு முனிசிபாலிட்டி என்ஜினியர் வந்து ஓட்டிப் பார்ப்பார். பிடிச்சா ஊர் ரோடு பூராவும் அளக்கிற வேலை மேடத்துக்கு. பிடிக்கலைன்னா ரெண்டு வருஷமும் போச்சு.

பிரேக் பார்க்கக் காரை முக்கனியில விட்டுட்டு, அந்த நாலு கருவியையும் வாங்க மேடம் கோயமுத்தூர் போனாங்க. புதன்கிழமை அங்கிருந்து ஃபோன். ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுது.

“நாச்சிமுத்து அண்ணா, கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு சீரியல் போர்ட்தான் இருக்கு. இன்னும் நாலு சேர்க்கணும். கடையில கேட்டா குடுப்பாங்க. தொடறதுக்கு முன்னாடி எர்த் பண்ணிக்கங்க. அப்புறம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் டிரைவர் போடணும். டிரைவர் இல்லாம போர்ட் வேலை செய்யாது. தெரியுமில்ல?”

“கண்ணை மூடிட்டுப் பண்ணிரலாமுங்க மேடம்.”

சீரியல் போர்ட்டுங்கிறது பெரிய கம்பசூத்திரம் இல்லைங்க. கம்ப்யூட்டர்ல வயரைச் சொருகுற வாய், அவ்வளவுதான். நாலு கருவிக்கு நாலு வாய் வேணும். டிரைவருங்கிறது அந்த வாயை வேலை செய்ய வெக்கிற புரோகிராம். நானே போய்ச் சொன்னேன். “நீங்க ஜெராக்ஸைப் பாருங்க”ன்னு அனுப்பிட்டாங்க.

பானட் மேல டீ கிளாஸை வெச்சுட்டு மூணு பேரும் யோசனையில இறங்குனாங்க.

“சீரியல்னா சாயங்காலம் ஆறரைக்கு டிவியில வருதே, அதாண்ணா” என்றான் குப்புராஜ். “மேடத்துக்கு இன்னும் நாலு சீரியல் வேணுமாம்.”

“அழுதுட்டே வண்டி ஓட்டுவாங்களாடா?” என்றார் நாச்சிமுத்து. “சரி, அது சீரியல். போர்டுக்கு என்ன சொல்றே?”

மயில்சாமி தொண்டையைச் செருமிக்கிட்டான்.

“மாரியம்மன் நோம்பிக்கு நாம சீரியல் செட்டு கட்டறதில்லையா? பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியும், போர்டுல சாமி உருவம் தெரியும். அதுக்குப் பேர் என்னங்க? சீரியல் போர்டு!”

நாச்சிமுத்து எந்திரிச்சு அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். “படிச்சவன் படிச்சவன்தாண்டா!” மயில்சாமி ஏழாவது ஃபெயில்.

ஆனாலும் ஒரு சிக்கல். ‘இன்னும் நாலு’ன்னா ஏற்கெனவே ஒண்ணு இருக்கணுமில்ல? கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்க்கணும். தொடறதுக்கு முன்னாடி எர்த் பண்ணணும். எர்த் எப்படிப் போடறதுன்னு மயில்சாமிக்கு நல்லாத் தெரியும். குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, பைப்பை நட்டு, தண்ணி ஊத்தணும். பைப் இல்லாததால குப்புராஜை நட்டாங்க.

முழங்கால் வரைக்கும் மண்ணு மூடி, ரெண்டு குடம் தண்ணியும் ஊத்துனதுக்கப்புறம்தான் கார் பதினஞ்சு அடி தள்ளி நிக்கிறது தெரிஞ்சுது. காரைத் தள்ளிட்டு வந்து அவன் பக்கத்துல நிறுத்துனாங்க.

“எர்த் ஆயிருச்சாடா?”

“காலு ஜில்லுனு இருக்குதுண்ணா.”

“அப்ப ஆயிருச்சு. தொடு.”

குப்புராஜ் கையை நீட்டி கம்ப்யூட்டரைத் திருப்பினான். “அண்ணா, இங்க ஒன்பது ஊசி நிக்குது. ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பார்க்கலை.”

“ஒன்பதா? பார்த்துக்கலையா? அடேய், நவக்கிரகம்டா!” மூணு பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஏற்கெனவே இருக்கிறதும் சாமி போர்டுதான்னு ஊர்ஜிதமாயிருச்சு. மயில்சாமிக்கு அன்னைக்குத் தனி மரியாதை.

வியாழக்கிழமை பந்தல் கடைக்குப் போய், பிள்ளையார், முருகன், மாரியம்மன்னு மூணு போர்டு தூக்கிட்டு வந்தாங்க. நாலாவது சாமி கிடைக்காததால ‘நல்வரவு’னு எழுதுன போர்டு. காரோட நாலு மூலையிலயும் கட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெல் சுவிட்சு வெச்சான் மயில்சாமி. நாச்சிமுத்து டாக்ஸி ஸ்டாண்டுல போய் நாலு டிரைவரைக் கையோட கூட்டிட்டு வந்தார்.

“நாலு பேரும் ஸ்டியரிங்கைப் பிடிச்சா வண்டி எந்தப் பக்கம்ணா போகும்?” என்றான் குப்புராஜ்.

“டிரைவர் வண்டிக்கில்லடா, போர்டுக்கு! பிள்ளையாருக்கு ஒருத்தர், மாரியம்மனுக்கு ஒருத்தர், நல்வரவுக்கு ஒருத்தர். முருகனுக்கு இருக்கிறவர் ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கட்டும். அவங்கவங்க பக்கத்துச் சக்கரம் குழியில இறங்குனா அவங்கவங்க சுவிட்சை அமுக்கணும். இது குழி எண்ணுற வண்டியில்ல?”

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்கால் பஸ்ஸுல மேடம் வந்து இறங்குனாங்க. காரைப் பார்த்ததும் கையில இருந்த பை நழுவிருச்சு.

“அண்ணா, இது என்ன?”

“சீரியல் போர்டுங்க மேடம். நாலு. டிரைவரும் போட்டாச்சுங்க” என்றார் நாச்சிமுத்து. நாலு டிரைவரும் வணக்கம் வெச்சாங்க.

மேடம் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. திட்டறதுக்கு வாயைத் திறக்கிறாங்க, என்ஜினியர் ஜீப் வந்து நிக்குது. மனுஷன் யாரையும் எதுவும் கேக்கலை. பின் சீட்டுல ரெண்டு டிரைவருக்கு நடுவுல போய் உக்காந்து, “ம், எடுங்க” என்றார்.

மேடத்தை என் மொபெட்ல ஏத்திக்கிட்டுப் பின்னாடியே போனேன். பஸ் ஸ்டாண்டு முக்குல முன்சக்கரம் இறங்குச்சு, பிள்ளையார் பளிச்சுனு எரிஞ்சார். சந்தைப்பேட்டை ரோட்டுல முருகனும் மாரியம்மனும் மாத்தி மாத்தி அருள் குடுத்தாங்க. இடது பின்சக்கரம் எந்தக் குழியில விழுந்தாலும் ‘நல்வரவு’.

“சென்சார் பிரமாதம் மேடம்! உடனுக்குடன் காட்டுது” என்றார் என்ஜினியர் இறங்கும்போது. “சரி, மொத்தம் எத்தனை குழி?”

“நூத்திப்பத்துங்க” என்றார் பிள்ளையார் டிரைவர்.

“எண்பதுதானுங்க” என்றார் முருகன் டிரைவர்.

“நடுவுல எனக்கு ஃபோன் வந்துருச்சுங்க” என்றார் நல்வரவு.

என்ஜினியர் உதட்டைப் பிதுக்குனார். “போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. மெமரிதான் பத்தலை. மெமரியைக் கூட்டிட்டு திங்கக்கிழமை காட்டுங்க, கணக்கு சரியா வந்தா கையெழுத்துப் போடறேன்.”

மேடம் அப்பவே கோயமுத்தூர் பஸ் ஏறுனாங்க. சனிக்கிழமை கடை கடையா அலைஞ்சும் நிஜப் போர்ட் கிடைக்கலை, செவ்வாய்க்கிழமைதான் ஸ்டாக் வருமாம். இங்கே பட்டறையில நாச்சிமுத்து கேட்டார்: “மெமரி கூட்ட என்னடா வழி?”

எட்டு வருஷத்துல முதல் தடவையா விவாதமே நடக்கலை. ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க: “வல்லாரைக் கீரை!”

ரெண்டு நாளும் நாலு டிரைவருக்கும் காலையில வல்லாரைச் சாறு, மத்தியானம் துவையல், சாயங்காலம் ரசம்.

திங்கக்கிழமை மேடம் வெறுங்கையோட, தூங்காத கண்ணோட வந்து நின்னாங்க. வண்டி ஊரைச் சுத்திட்டு வந்துது. நாலு டிரைவரும் வரிசையா நின்னு ஒப்பிச்சாங்க. எந்த முக்கு, எத்தனை அகலம், எத்தனை ஆழம், போன மாசம் யாரு விழுந்தாங்க, எத்தனை தையல். நூத்தி நாப்பத்தி மூணு குழி. என்ஜினியர் தன் ஆளுங்க எண்ணி வெச்ச பட்டியலோட ஒத்துப் பார்த்தார். ஒண்ணு குறையலை, ஒண்ணு கூடலை. கையெழுத்துப் போட்டுட்டார். மேடம் அழுதாங்களா சிரிச்சாங்களான்னு எனக்கே தெரியலை, ரெண்டும் சேர்ந்து வந்துது.

பேனாவை மூடப்போன என்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். “ஃபைல்ல குறிச்சுக்கணும். எத்தனை ஜி.பி. மெமரி போட்டீங்க?”

மேடம் வாயைத் திறக்கிறதுக்குள்ள நாச்சிமுத்து முந்திக்கிட்டார். “ஆளுக்கு ரெண்டு கட்டுங்க சார்.”

‘ரெண்டு கட்டு’ன்னு எழுதிக்கிட்டார் என்ஜினியர். “தேவைப்பட்டா இன்னும் கூட்டலாமா?”

“மழை பெஞ்சா கூட்டலாமுங்க சார்.”