பேச மறுத்த மடிக்கணினி

"வாயே திறக்க மாட்டேங்குது மேடம்," என்றார் சேவுகமூர்த்தி. "என்ன பண்ணியும் ஒரு சத்தம் வரல."

உமையாள் ஆய்வகத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

காரைக்குடியில் அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகம், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். உமையாள் அங்கே விரிவுரையாளர். சேவுகமூர்த்தி அவரைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஆனாலும் அந்த அறைக்குள் வந்துவிட்டால் உமையாள்தான் அவருக்குக் குரு.

அந்தக் குருவிடம் ஒரு சங்கடம் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராது.

"என்னென்ன செஞ்சீங்க?"

"செய்யாதது எது மேடம்? அழிச்சிட்டு மறுபடி போட்டேன். வேற லினக்ஸ் போட்டேன். அதையும் அழிச்சிட்டு இன்னொண்ணு போட்டேன். நெட்ல யார் யாரோ எழுதியிருந்த கட்டளையை எல்லாம் அப்படியே அடிச்சுப் பாத்தேன். படம் தெரியுது, வைஃபை வருது, கீபோர்டு வேலை செய்யுது. சவுண்டு மட்டும் இல்ல."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார். குரோம்புக் வகை, சின்னது, எடை குறைவு. அவருடைய மனைவி தையல்நாயகியிடம் படித்த ஒருவன் பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்தது.

தையல்நாயகி தமிழாசிரியை. கண் நரம்பில் வந்த ஒரு நோய், போன வருடம் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பள்ளி திறக்க இன்னும் சில நாட்களே இருந்தன. தலைமையாசிரியை மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்: "உங்க வேலையை நீங்களே பாத்துக்க முடிஞ்சா தாராளமா வகுப்புக்கு வாங்க டீச்சர். முடியலன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம்."

நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து தையல்நாயகி சரியாகச் சாப்பிடவில்லை.

திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் லினக்ஸில் உண்டு, இணையம் இல்லாமலும் அது பேசும் என்று சேவுகமூர்த்தி இங்கேதான் தெரிந்துகொண்டார். பழைய மென்பொருளை அழித்தார். லினக்ஸ் போட்டார். அன்றோடு மடிக்கணினியின் குரல் போயிற்று. அதற்கு முன்னால் அரைகுறையாகவாவது பேசிக்கொண்டிருந்தது. அதையும் தானே கெடுத்துவிட்டோம் என்பதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

உமையாள் கடைசி ஜன்னலையும் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க கடைக்கு ஒரு மோட்டார் வருது. முதல்ல என்ன செய்வீங்க?"

"ஓடவிட்டுக் கேப்பேன். பேரிங் போயிருந்தா ஒரு மாதிரி இரையும், காயில் போயிருந்தா வேற மாதிரி உறுமும்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் கழட்டுவேன்."

உமையாள் மேசைமேல் இருந்த மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனா இது வேற மேடம்," என்றார் சேவுகமூர்த்தி. "இதுல சத்தமே இல்லையே. எதைக் கேக்கிறது?"

உமையாள் மடிக்கணினியை மூடினார். அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

"இதை யார் பயன்படுத்தப் போறாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது மேடம்."

"உங்களுக்கு?"

சேவுகமூர்த்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனார். மடிக்கணினிக்குச் சார்ஜர் கோளாறு, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

தையல்நாயகி கூடத்தில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பு. அந்த மேடம் உன்னை வரச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"அந்த லேப்டாப்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"சார்ஜர்தான கெட்டுப் போச்சுன்னீங்க?"

"ஆமா."

"சார்ஜ் இல்லாத மெஷினைப் பக்கத்து ரூம்ல வச்சுக்கிட்டு பத்து நாளா என்ன தட்டிக்கிட்டிருந்தீங்க?"

சேவுகமூர்த்திக்குக் காது சூடாயிற்று.

"தெரியுமா?"

"புடவை மாத்திட்டு வர்றேன். ஆட்டோ கூப்பிடுங்க," என்றார் தையல்நாயகி.

ஆய்வகத்தில் உமையாள் எழுந்து வந்து தையல்நாயகியின் கையைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். நாற்காலியின் முதுகில் அந்தக் கையை வைத்தார். தையல்நாயகி தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது உங்களுக்கு எதுக்கு வேணும் டீச்சர்?"

"கேள்வித்தாள் தயார் பண்ணணும். பாடக்குறிப்பு எழுதணும்." கொஞ்சம் யோசித்தார். "முக்கியமா, பிள்ளைங்க கட்டுரை. இனிமே டைப் பண்ணித் தரச் சொல்லலாம்னு இருக்கேன்."

"அதை சார் வாசிச்சுச் சொல்ல மாட்டாரா?"

"சொல்வார். யார் வேணும்னாலும் வாசிச்சுச் சொல்வாங்க. ஆனா பிழை என் காதுக்கு வராதும்மா. வாசிக்கிறவங்க பாவம் பாத்து, தானாவே திருத்திப் படிச்சிடுறாங்க. பையன் 'பல்லிக்குப் போனேன்'னு எழுதியிருப்பான். எனக்குப் பள்ளின்னுதான் கேக்கும். அப்புறம் நான் எதைத் திருத்துறது?"

உமையாள் சிரித்தார். சேவுகமூர்த்தி சிரிக்கவில்லை. மனைவிக்கு இது எதற்கு வேண்டும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

உமையாள் மடிக்கணினியைச் சேவுகமூர்த்தி முன்னால் திறந்துவைத்தார்.

"ஒரு மெஷின் கண் முழிக்கிறப்போ, தான் என்னென்ன செய்யுதுன்னு வரிவரியா எழுதி வச்சிடும். அதை எடுத்து வாசிங்க. சத்தமா. டீச்சருக்குப் புரியற மாதிரி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சேவுகமூர்த்தி கட்டளையை அடித்தார். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னார். நினைவகம் கண்டுபிடிக்கப்பட்டது. திரை கண்டுபிடிக்கப்பட்டது. விசைப்பலகை தயார். வைஃபை தயார். கேமரா தயார்.

தையல்நாயகி மடியில் கைகோத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உமையாள் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிகள் முடிகிற மாதிரி தெரியவில்லை. சேவுகமூர்த்திக்கு நாக்கு வறண்டது. இதனால் என்ன ஆகப்போகிறது என்று எரிச்சலாகவும் இருந்தது. இருந்தாலும் விடாமல் வாசித்தார்.

"ஒலிக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. பேட்டரி தயார். தொடுதட்டு..."

"நில்லுங்க," என்றார் தையல்நாயகி.

"என்ன?"

"நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க."

"நான் எதையும் விடல."

"விட்டீங்க. காலையில எனக்குப் பேப்பர் வாசிக்கிறப்போ மனசுக்குக் கஷ்டமான செய்தி வந்தா ஒரு நொடி மூச்சை இழுத்துக்கிட்டு அடுத்ததுக்குப் போவீங்க. இப்பவும் அப்படித்தான் இழுத்தீங்க."



பேப்பரில் அவர் விட்டுவிடும் செய்திகள் அவளுக்குத் தெரியும் என்று சேவுகமூர்த்தி நினைத்ததே இல்லை. அவள் மனது நோகக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தது அத்தனையும் அவளுக்குத் தெரிந்தேதான் நடந்திருக்கிறது.

அவர் திரையைப் பார்த்தார். ஒலிக் கருவிக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு வரி சிவப்பாக இருந்தது.

"அது எப்பவும் வர்றதுதான்," என்றார் மெதுவாக. "எந்த லினக்ஸ் போட்டாலும் அந்த வரி சிவப்பா வரும். பாத்தாலே பயமா இருக்கும். அதனால கீழ தள்ளிட்டுப் போயிடுவேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"ஒரு ஃபைலைத் தேடினேன், கிடைக்கலன்னு."

"எந்த ஃபைல்?" என்று கேட்டதும் தையல்நாயகிதான்.

அவர் எழுத்துக் கூட்டிப் பெயரை வாசித்தார். நீளமான பெயர். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். பெயரிலேயே இருந்தது. ஒலிச் சில்லுக்கான ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சில்லு வேலை தொடங்க முதலில் படித்தாக வேண்டிய கோப்பு. அது இல்லாமல் அந்தச் சில்லு என்ன செய்யும்? ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும், எனக்கு இது வேண்டும், இது வேண்டும் என்று பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறது.

இவர் ஒவ்வொரு முறையும் அதைக் காதில் வாங்காமல் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்.

சேவுகமூர்த்தி குருவைப் பார்த்தார். உமையாள் இன்னும் வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பெயரை அப்படியே தேடினார். அது ஒரு மென்பொருள் பொதிக்குள் இருந்தது. பொதியை நிறுவ ஒரே ஒரு கட்டளை. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

"மறுபடி ஆன் பண்றதுக்கு முன்னால சவுண்டைக் குறைச்சு வைங்க," என்றார் உமையாள். "சின்ன ஸ்பீக்கர். முழுசா வச்சா தாங்காது."

குறைத்தார். அணைத்து மறுபடி ஆன் செய்தார். வரிகளைப் பார்த்தார். சிவப்பு இல்லை.

ஆனால் சத்தமும் இல்லை.

 எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கை தன்னால் பையில் லினக்ஸோடு இருந்த பென்டிரைவைத் தேடிப் போனது. தொட்டது. எடுக்கவில்லை.

"நாயகி."

"ம்."

"ஃபைல் கிடைச்சிடுச்சு. சிவப்பு வரி போயிடுச்சு. ஆனா இன்னும் பேசல."

"எங்க பேசுதோ," என்றார் தையல்நாயகி.

அவர் புரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒலி அமைப்புகளைத் திறந்தார். கேபிள் வழியாக இணைக்கிற டிவிக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தது. அங்கே டிவியும் இல்லை, கேபிளும் இல்லை. பாவம், இல்லாத ஒன்றிடம் பேசிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர் என்று மாற்றினார்.

சின்னதாக ஒரு 'டிக்'.

அப்புறம் ஒரு குரல். தகரத்தில் தட்டினாற்போல, அவசரமாக, ஆனால் தமிழில்.

"திரை வாசிப்பான் இயங்குகிறது."

சேவுகமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தோளில் இத்தனை நாள் என்ன உட்கார்ந்திருந்தது என்பது அது இறங்கிப் போனபிறகுதான் தெரிந்தது.

தையல்நாயகி அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்திருந்தார். அவர் விரல்கள் மேசையைத் தடவி, விசைப்பலகையின் ஓரத்தைக் கண்டுபிடித்து, ஒரு விசையை அழுத்தின.

"த," என்றது மடிக்கணினி.

இன்னொன்றை அழுத்தினார்.

"ம."

அவர் இன்னும் சில விசைகளை அழுத்தி, ஒரு சொல்லை எழுதி முடித்தார். மடிக்கணினி அதைச் சேர்த்து வாசித்தது.

"தமில்."

தையல்நாயகி முகம் மலர்ந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ழகரம் வரல," என்றார். "என் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான்."

சேவுகமூர்த்தி சட்டென்று நிமிர்ந்தார்.

"அதையும் சரி பண்ணிடலாம். வேற குரல் இருக்கும். கொஞ்சம் பொறு, இதை எடுத்துட்டு..."

விசைப்பலகையை நோக்கிப் போன அவர் கையை உமையாள் பிடித்து நிறுத்தவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

கை அந்தரத்தில் நின்றது.

சேவுகமூர்த்தி அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றார் தையல்நாயகி. "கொஞ்ச நேரம் பேசட்டும்."