ஏற்றக்காரன் விழுந்த படி

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்று நாட்டை மகிழ்வேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் சிரிக்க வைக்கிறவன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவான். கொட்டாவி வரவழைக்கிறவன் நியாயத்தையே சொன்னாலும் பாதியில் எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவனைப் பத்து வருஷமாகக் கட்டி மேய்த்தவர் அமைச்சர் அறவாழியார். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். காவல் தலைவன் செங்கோடனுக்கு மட்டும் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

ஒருநாள் காலையில் அமைச்சரின் பல்லக்கை ஒரு பெண் மறித்து நின்றாள். குஞ்சரத்தாள் என்று பேர். அவள் புருஷன் வேம்பன், வயலுக்கு ஏற்றம் மிதிக்கிறவன். கோயில் விளக்கு ஒன்று காணாமல் போனதென்று காவலர்கள் அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். நாலாம் நாள் விளக்கு கோயில் மடைப்பள்ளிப் பரணிலேயே அகப்பட்டது. வேம்பனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

"எங்கேயாவது முறையிட்டாயா அம்மா?"

"காவல் சாவடிக்குப் போனேன் சாமி. காவலர்மேல் புகார் என்றால் காவல் தலைவர்தான் விசாரிப்பாராம். அதுதான் சட்டமாம். அவரிடமும் போனேன். 'உன் புருஷன் சாவடிப் படியில் வழுக்கி விழுந்தான், விசாரித்தாயிற்று, போ' என்றார். இந்தச் சட்டத்தை யார் சாமி போட்டது?"

அறவாழியார் பல்லக்கை விட்டு இறங்கினார். அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் செங்கோடன் அந்தச் சட்டத்தை எழுதிய ஓலையை நீட்டியபோது, "நல்ல ஏற்பாடு! இனி ஆட்டின் வழக்கை ஓநாயே கேட்டுத் தீர்க்கும்" என்று கேலி பேசியவர் அவர்தான். அரசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சபையும் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முத்திரையை அழுத்தியதும் அவர்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரசனுக்குக் கொட்டாவி வந்திருக்கும். அவ்வளவுதான்.

"காயம் ஆறுவதற்குள் வைத்தியர் பார்த்து எழுதிவிட வேண்டும்" என்று அரண்மனை வைத்தியரை அன்றைக்கே அவளோடு அனுப்பினார்.

மறுநாள் வேம்பனைக் கட்டிலோடு தூக்கிச் சபையில் வைத்தார்கள். செங்கோடன் ஏழு காவலர்களோடு வந்தான்.

"மன்னா, இவன் படியில் விழுந்ததை இந்த ஏழு பேரும் கண்ணால் பார்த்தவர்கள்."

"ஏழு பேரும் பார்த்தீர்களா?" என்றார் அறவாழியார். "ஒருவருக்குக்கூடக் கை நீட்டித் தாங்கத் தோன்றவில்லையா? அந்த ஏழு ஜோடிக் கையும் அப்போது வேறு வேலையாய் இருந்தனவோ?"

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அமைச்சர் வைத்தியரின் ஓலையைப் பிரித்தார். "முதுகில் பதினோரு வரி. அது இருக்கட்டும். இரண்டு உள்ளங்காலும் பிளந்திருக்கின்றன, ஒரே அளவுத் தடியால் அடித்ததுபோல. அரசே, விழுகிறவனின் உள்ளங்காலைத் தேடிப் பிடித்து அடிக்கிற படி நம் நாட்டில் இருக்கிறதே! தலைவர் அதை ஒருமுறை விழுந்து காட்டினால் நாங்களும் கண்டு களிப்போம்."

"பேஷ்! விழு செங்கோடா!" என்றான் அரசன்.

சபைப் படியின் உச்சிக்குப் போய்ச் செங்கோடன் விழுந்தான். முழங்கை சிராய்த்தது. "உள்ளங்கால்?" என்றார் அமைச்சர். மறுபடி விழுந்தான். தலைப்பாகை கழன்று உருண்டது. மூன்றாம் முறை குப்புற விழுந்து மூக்கில் ரத்தம். உள்ளங்கால் மட்டும் வெண்ணெய்போல் இருந்தது. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நாலாம் முறை அவன் ஏறும்போது, ஏழு பேரில் ஒருவன் தடியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டான். "நாங்கள்தான் அரசே. விளக்கை எடுத்தேன் என்று சொல்லச் சொல்லி அடித்தோம். அவன் கடைசிவரை சொல்லவில்லை."

அரசன் செங்கோடனின் பதவியைப் பறித்தான். அடித்தவர்களோடு சேர்த்து அவனையும் சிறைக்கு அனுப்பினான். வேம்பனுக்கு ஆற்றங்கரையில் நஞ்சை நிலம். அமைச்சருக்குத் தன் கழுத்து முத்துமாலை. "வெகுநாளாயிற்று ஐயா, இப்படிச் சிரித்து!"

"மாலை வேண்டாம் அரசே. காவலரால் அடிபட்டவன் யாரானாலும் நேரே இந்தச் சபைக்கு வரட்டும். அன்றைக்கே வைத்தியர் பார்க்கட்டும். காவலர்மேல் வரும் வழக்கைக் காவலர் தொடக்கூடாது. பழைய சட்டம் ஒழியட்டும்."

"இவ்வளவுதானா? எழுதிக்கொள்ளும்" என்றான் அரசன். பழையதற்கும் இதே குரலில்தான் சம்மதித்திருந்தான்.

சபை கலைந்தபின் அறவாழியார் கட்டிலருகே வந்தார்.

"எல்லாரும் எதற்கு ஐயா சிரித்தார்கள்?" என்று வேம்பன் கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டான். படிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவனால் முடிந்திருக்கவில்லை.

அறவாழியார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பழைய சட்டத்துக்கு முத்திரை வைத்தவன் நான்தான் அப்பா" என்றார்.

கட்டிலின் மறுபுறம் நின்ற குஞ்சரத்தாள்தான் பேசினாள். "வைத்தியர் என்ன சொன்னார் தெரியுமா சாமி? கால் ஆறிவிடுமாம். ஏற்றத்துமேல் ஏறி மட்டும் இனி நிற்கவே முடியாதாம்." சொல்லிவிட்டுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். தூக்க ஆள் வருவதற்குள் மறுமுனையை அமைச்சரே பிடித்தார். வாசல்வரை தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எந்த ஓலை வந்தாலும் அறவாழியார் கடைசி வரிவரை உரக்கப் படித்தார். சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அரசன் கொட்டாவி விட்டான். "பாவம், நம் அமைச்சருக்கு வயதாகிவிட்டது. முன்போல் சிரிக்க வைக்கத் தெரியவில்லை" என்று எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்டான்.