மேனேஜர் அடித்த மணி

கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். அங்கே முப்பது பெரியவர்களுக்கும் ஆயா செங்கமலம் ஒருத்திதான். துணைக்கு இன்னொரு ஆள் கேட்டாள்.

"எதுக்கு? மணி அடிச்சதும் போய் நின்னாப் போதும்," என்றார் மேனேஜர் பரந்தாமன்.

"நீங்களே ஒருக்கா அடிச்சுப் பாருங்க சார்."

சக்கர நாற்காலியில், சிம்மாசனத்தில் அமர்வதுபோல் உட்கார்ந்தார் மேனேஜர். பெரியவர்கள் எழுந்து விழாமலிருக்க அவர் போட்ட சட்டப்படியே, கைக்கு எட்டாமல் முதுகுப்பக்கம் பெல்ட்டை மாட்டினாள் செங்கமலம். பக்கத்து அறைகளில் மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

அவரும் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இல்லத்தின் முதலாளிதான் உள்ளே வந்தார்.

"அரை மணி நேரமாக் கூப்பிடறேன், என்னைப் பார்க்க ஒரு ஆளில்லைங்க" என்று கத்தினார் மேனேஜர்.

கையில் பெட்பேனோடு செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டே இருக்கேங்க சார். உங்களுக்கு முன்னால ஆறு பேரு அடிச்சிருக்காங்க."