பதினேழாவது பிரதி

பேச்சியம்மாள் ஒரே கட்டுரையைப் பதினாறு முறை திருத்திவிட்டாள். பதினேழாவது பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தாள்.

கலங்கிய குளத்துத் தண்ணீரை முருங்கை விதைத் தூள் எப்படித் தெளியவைக்கிறது என்பதுதான் கட்டுரை. மூன்று வருட உழைப்பு. ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டால்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைத் தர முடியும். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, பதினாறு முறையும் அவள் திருத்தியது ஆங்கிலத்தைத்தான்.

வழிகாட்டி ஜெசிந்தா மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், இது அனுப்புற அளவுக்குத் தயாராயிட்டா?"

"போன வாரமும் இதத்தான கேட்ட?"

"அது வேற பிரதி மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். "சரி, கொடு. அந்தக் குளத்துத் தண்ணி மிச்சம் இருக்கா?"

"ஒரு கேன் இருக்கு மேடம்."

"கொண்டா. வச்சிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு. நான் கேக்குற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

செய்முறைப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினார். விரல் வைத்து ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார். தூளை எடை போட்டார். தண்ணீரில் போட்டார். அடுத்த வரி, 'நன்கு கலக்கப்பட்டது.' கண்ணாடிக் குவளையைப் புதிதாக வந்திருந்த கலக்கும் மெஷினில் வைத்து வேகத்தைக் கூட்டினார். அரை மணி நேரம் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

பேச்சியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தாள். மேடம் விரலை உயர்த்தியதும் மூடிக்கொண்டாள்.

மெஷினை நிறுத்தி, ஒரு மணி நேரம் அசையாமல் விட்டார். பிறகு கட்டுரையின் முதல் பக்கத்தைக் குவளைக்குப் பின்னால் பிடித்தார்.

"படி."

மண் நிறம்தான் தெரிந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"என் முடிவு தப்பில்ல மேடம்." அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "முப்பது தடவ செஞ்சேன். முப்பது தடவையும் தெளிஞ்சுது."

"நீ எழுதுனதத்தான் நான் செஞ்சேன். இப்ப நீ செய்."

அவள் மெஷின் பக்கமே போகவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அகப்பைக் காம்பை எடுத்தாள். தூளைப் போட்டதும் வேகமாகச் சுழற்றினாள். பிறகு கை தானாகத் தளர்ந்தது. கூழ் அடிப்பிடிக்காமல் கிண்டுவதுபோல மெதுவாக, ஒரே சீராக. தண்ணீருக்குள் மண் பொட்டுப் பொட்டாகத் திரண்டது.

"அது என்ன கையில?"

"அகப்பைக் காம்பு மேடம். அப்ப பழைய மெஷின் ரிப்பேர். கண்ணாடிக் குச்சி குவளையோட அடிக்கு எட்டல. ஹாஸ்டல் சமையக்கார அக்காட்ட வாங்குனேன்."

"வேகமா ஆரம்பிச்சு ஏன் மெதுவாக்குன?"

"வேகமாவே கலக்குனா திரண்டதெல்லாம் உடைஞ்சிரும் மேடம்."

"இத எங்க எழுதியிருக்க?"

அவள் தலை குனிந்தாள். "இத எப்படி மேடம் எழுத? அகப்பைக் காம்புன்னு போட்டா கட்டுரையப் பாக்குற ரிவ்யூவர் சிரிக்க மாட்டாரா?"

"சிரிப்பாரோ என்னவோ. எங்கேயோ ஒருத்தி இதப் படிச்சிட்டு ஒரு குடம் கலங்குன தண்ணியோட நிப்பா. அவ பக்கத்துல நீ நிக்க மாட்டியே, பேச்சி."

பேச்சியம்மாள் அகப்பைக் காம்பை மறுபடி கையில் எடுத்தாள்.

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். "இன்னொரு தடவ கலக்கு. நான் எண்ணுறேன்."

வேகமாக இரண்டு நிமிடம். பிறகு பதினைந்து நிமிடம், நிமிடத்துக்கு முப்பது சுற்று. ஓர் அடி நீள மரக் காம்பு. கையால். அப்படியே எழுதினாள். பதினாறு திருத்தங்களில் ஒருமுறைகூட அவளுக்கு ஆங்கிலம் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

அந்த வரிகளைச் சுவரில் ஒட்டி, மேடம் புதிய குவளை ஒன்றைத் தன் கையால் கலக்கினார். பேச்சியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை யாரும் விரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழிந்தது.

"இப்ப தயாராயிட்டா மேடம்?"

மேடம் முதல் பக்கத்தைக் குவளைக்குப் பின்னால் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள்.

"என் பேரு தெரியுது மேடம்."

"அப்ப அனுப்பு."